துவக்குக்குத் தைத்த தலையணை

இரண்டு வருடத்துக்கு முன்பு, கச்சான் பிஞ்சு பிடிக்கிற நேரம் நடந்த கதை இது. புத்தளம் பக்கம் முந்தலில் பெரிய ரோட்டை விட்டு, இறால் பண்ணைகளைத் தாண்டி உள்ளே போகும் கிரவல் பாதையில் எங்கள் வீடும் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலைத் தோட்டமும் இருக்கின்றன. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. உயரம் நாலடி பத்து அங்குலம். பெண்கள் வயதைச் சொல்ல வெட்கப்படுவார்கள் என்பார்கள். எனக்கு வயதில் ஒன்றும் இல்லை, உயரத்தைச் சொல்லத்தான் வெட்கம்.

என் கணவர் ஆறடி. நிக்காஹ் முடிந்து எடுத்த போட்டோவில் நான் அவருடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் தோட்டம் செய்வார், நான் வீட்டு விறாந்தையில் மெஷின் போட்டு அபாயாவும் சல்வாரும் பாடசாலை யூனிபோமும் தைப்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு கழுதை குறுக்கே வந்தது. புத்தளத்துக் கழுதைகளுக்கு ரோடு தங்கள் வாப்பா வீட்டு முற்றம் என்ற நினைப்பு. அதற்கு வழிவிடப் போன என் கணவர், மோட்டார் சைக்கிளோடு இறால் குளத்துக்குள் இறங்கிவிட்டார். கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு வலது தோள் எலும்பு உடைந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் அந்தக் கைக்குப் பிடி வரவில்லை, தோள் மட்டத்துக்கும் எழும்பவில்லை.

கை எழும்பாவிட்டால் என்ன, வாய் எழும்புகிறதே என்று முதலில் சிரித்தேன். ஆனால் பன்றிகள் வரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அதன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். "அது" என்றால் அதுதான். சுபஹுத் தொழுகைக்கு முன்னாலேயே வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, கச்சான் வரிசையை ஏர் பூட்டி உழுத மாதிரி கிளறிவிட்டுப் போகும். முன்பெல்லாம் இவர் தன் துவக்கால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். அத்தோடு ஒரு கிழமைக்கு அந்தப் பக்கம் வராது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசன் எடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. இப்போது அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

லைசனை என் பெயருக்கு மாற்றலாம் என்று தெரிந்துகொண்டு பொலிஸுக்குப் போனோம். அங்கே "அது வருது" என்றால் யாருக்கு விளங்கும்? நான் சிங்களத்தில் "ஊரா" என்று சொன்னேன். சிங்களத்தில் சொன்னால் வாய் அழுக்காகாது என்பது என் கணக்கு. நல்ல குணமான சார்ஜன் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேலும் கீழும் பார்க்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தோட்டத்துக்கே வந்து பார்ப்பேன், நீங்கள் ஒழுங்காகத் துவக்குப் பிடித்து ஒரு வெடி வைத்துக் காட்டினால்தான் சிபாரிசு எழுதுவேன், இல்லையென்றால் துவக்கை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒப்படைத்தால் கச்சான் போச்சு. அந்த வருடம் அவருடைய உழைப்பும் இல்லாமல், கச்சானும் இல்லாமல், என் மெஷின் ஒன்றை மட்டும் நம்பி, பிள்ளைகள் இரண்டு பேரோடு நாலு வயிறு இருக்க வேண்டிவரும்.

அன்றே பயிற்சி தொடங்கியது. தோட்டா இல்லாத துவக்கு எனக்கு, முற்றத்தில் கதிரை அவருக்கு. கதிரையில் உட்கார்ந்துகொண்டு துவக்குப் பழக்குவது எவ்வளவு சுகமான வேலை என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். துவக்கின் பின்கட்டையைத் தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டாது. விரலை எட்டவைத்தால் கட்டை தோளை விட்டு வழுக்கி அக்குளுக்குப் போகும். கன்னத்தைக் கட்டையில் வைத்துக் குறி பார்க்க, என் கழுத்து ஒட்டகக் கழுத்தாக இருக்க வேண்டும்.

"நெஞ்ச நிமித்திப் புடி புள்ள."

"நிமித்தித்தான் இரிக்கேன். இது எனக்கு நீளமாக்கும்."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். பன்னெண்டு வருஷம் நான் அடிச்ச துவக்கு. அதுல ஒரு பிழையும் இல்ல."

நானும் நம்பிவிட்டேன். பிழை என் கையில்தான் என்று முடிவாகிவிட்டது. காலையில் இரண்டு முட்டை, மாலையில் உழுந்தங்கஞ்சி என்று எனக்குச் சாப்பாடு கூடியது. பிறகு இறால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று பிடிக்கச் சொன்னார். ஏறினேன். உயரம் கூடினால் கை நீளுமா என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

துவக்கு உதைக்கும் என்ற பயம் வேறு. கழுதை உதைத்தாற்போல் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்துக்குக் கழுதையால் பட்டது போதும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு மணப்பெண் உடுப்பில் மிஞ்சிய வெல்வெட் துண்டு இருந்தது. அதற்குள் இலவம் பஞ்சை அமுக்கி அடைத்து, ஓரத்துக்கு லேஸ் வைத்து, துவக்கின் பின்கட்டைக்கு ஒரு சின்னத் தலையணை தைத்தேன். நாடா வைத்து இறுக்கிக் கட்டினேன். இரண்டு அங்குலத் தடிப்பில் அவ்வளவு அழகாக வந்தது. இவர் கூடத் தடவிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

சார்ஜன் வந்த காலை, நான் தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே எழும்பி வந்தேன். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றக்கூட நினைவில்லை. அவருடன் ஒரு பொம்பிளைப் பொலிஸும் வந்திருந்தார். என் உயரம்தான் இருப்பார். கையில் குறிப்புக் கொப்பியோடு நின்றார். தோட்டத்து மண்ணணைக்கு முன்னால் ஒரு பால்மா டின்னை வைத்து, அதைச் சுடச் சொன்னார்கள். துவக்கில் லேஸ் வைத்த தலையணையைக் கண்டதும் சார்ஜன் அந்த லேஸை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

பிஸ்மி சொன்னேன். நெஞ்சை நிமிர்த்தினேன். கையை நீட்டினேன். கட்டை அக்குளுக்குப் போனது. குழல் வானத்துக்குப் போனது. விசையை அழுத்தியது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது மரவள்ளிப் பாத்திக்குள் உட்கார்ந்திருந்தேன். முக்காடு கண்ணை மறைத்திருந்தது. அதை விலக்கினால் எங்கும் பஞ்சு. தலையணை வெடித்து, கச்சான் வரிசையெல்லாம் வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது. சார்ஜனுடைய மீசையில் பாதி நரைத்துப் போயிருந்தது. பால்மா டின் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மண்ணணைக்குப் பின்னால் நின்ற எங்கள் செவ்விளநீர் மரத்தில், குலை ஓட்டையாகி நாலைந்து காயிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கதிரையில் இருந்தபடியே இவர் முதலில் என்னைப் பார்த்து, "நெஞ்ச நிமித்தச் சொன்னேனே" என்றார். பிறகு வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்க வேண்டுமே என்று, "சேர், இளனி குடிப்பமா?" என்று கேட்டார். ஈயக் குண்டு இருக்கும், வேண்டாம் என்று சார்ஜன் மறுத்துவிட்டார்.

அதுவரைக்கும் சிரிப்புத்தான். சார்ஜன் கொப்பியை வாங்கி ஏதோ எழுதி, அடுத்த கிழமை துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் அக்கா, உங்களுக்கு இது சரிவராது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மேல் கை வேறு நீலம் பாரித்து வலித்தது. "துவக்குல பிழையில்ல சேர், அல்லாஹ் எனக்குத் தந்த கைதான் கட்டை" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி அழுதேன். நாற்பத்திரண்டு வயதில், பஞ்சு ஒட்டிய முகத்தோடு, மரவள்ளிப் பாத்திக்குள் இருந்து அழுததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்தப் பொம்பிளைப் பொலிஸ் அதுவரைக்கும் தொப்பியால் முகத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவர். நான் அழுததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்து, கை கொடுத்து என்னை எழுப்பினார். பிறகு கேட்காமலே என் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவி எடுத்தார். என் கையை மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரைக்கும் பிடித்தார். பன்னிரண்டரை. துவக்கின் பின்கட்டையை விசையிலிருந்து பிடித்தார். பதினாலரை. கிழிந்து தொங்கிய தலையணைக்குள் பஞ்சைத் திரும்பத் திணித்து அந்த இடத்தில் வைத்துப் பிடித்தார். பதினாறரை.

"அக்கா, கை சரி. துவக்குத்தான் நீளம். இந்தத் தலவாணி வெச்சு இன்னும் நீட்டினது யாரு?"

இவர் தன் விரலை என் பக்கம் நீட்டினார்.

தான் பொலிஸில் சேர்ந்த புதிதில் தனக்கும் இதே கதைதான் நடந்தது என்று அவர் சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார். கன்னம் வீங்கி, தோள் கன்றி, உனக்குப் பலம் இல்லை என்று எல்லோரும் சொல்லச் சொல்லத் தானும் நம்பி, இரவில் அழுதாராம். ஒருநாள் கட்டை குட்டையான துவக்கு ஒன்று கையில் கிடைத்ததாம். அது தனக்கென்றே அளந்து தைத்த மாதிரி இருந்ததாம், அன்று குறி தப்பவில்லையாம்.

தைத்த மாதிரி என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. சட்டைக் கையில் அரை அங்குலம் கூடினாலே கொண்டுவந்து என் முகத்தில் எறிவார்கள். இருபது வருடமாக டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவள், நாலங்குலம் கூடின சாமானைப் பிடித்துக்கொண்டு என் கையைக் குறை சொல்லி அழுகிறேன்.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின கிழமைதான் ஒரு டீச்சர் நான் தைத்த அபாயாவை எடுக்க வந்திருந்தார். சின்ன உருவம், அகலமான தோள். போட்டுப் பார்த்தபோது தோளில் இழுத்துப் பிடித்தது. உண்மையில் நான் அவரை அளக்கவே இல்லை. அவர் தந்த பழைய அபாயாவை வைத்து வெட்டியிருந்தேன். அதைச் சொல்ல மனம் வராமல், "ஒங்கட ஒடம்புக்கு எது தச்சாலும் இப்படித்தான் டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்தக் குனிந்த தலை அன்று மரவள்ளிப் பாத்தியில் எனக்குத் தெரிந்தது.

பொம்பிளைப் பொலிஸ் சார்ஜனிடம் ஏதோ வாதாடினார். மீசைப் பஞ்சைத் தட்டிவிட்டு, இன்னும் இரண்டு கிழமை தருவதாக அவர் ஒத்துக்கொண்டார். அந்தத் தங்கச்சி எங்களுக்கு விவரமாகச் சொல்லித் தந்தார். குழலில் கை வைக்கக் கூடாது, அது குற்றம். மரக்கட்டையை மட்டும், அதுவும் அனுமதிக் கடிதம் எடுத்து, லைசன் உள்ள கடையில் கொடுத்துக் குறைக்க வேண்டும். பெண்களுக்கு என்று மெல்லிய துவக்கு காட்டுவார்கள், ஏமாற வேண்டாம், எடை குறைந்தால் உதை கூடும் என்றார்.

அவர்கள் போன பிறகு இவர் நெடுநேரம் துவக்கை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டைய வெட்டினா பிறகு எனக்குப் பாவிக்க ஏலாது புள்ள."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துவக்கில் பிழையில்லை என்று அத்தனை நாள் அவர் அடம்பிடித்தது என்னைப் பழிக்க அல்ல. கட்டை நீளமாக இருக்கும் வரைக்கும் தன் கை என்றாவது எழும்பும் என்ற நம்பிக்கையும் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். துடைத்து முடித்துவிட்டு அவரே, "ஒண்ட சோக்கக் கொண்டா" என்றார். துணியில் கோடு போடுகிற சோக்கை எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் கட்டையில் கோடு போட்டார். கோடு கோணலாகத்தான் வந்தது. நான் அதைத் திருத்தவில்லை.

கடிதம் கிடைத்ததும் சிலாபம் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைக் கண்ட உடனேயே ஈர்க்குச்சி மாதிரி ஒரு துவக்கை எடுத்து வந்து, "லேடீஸுக்கெண்டே வந்தது, பூ மாதிரி" என்றார். தூக்கிப் பார்த்தேன். உண்மையில் பூ மாதிரித்தான் இருந்தது. ஆசை கூட வந்தது. இவர் முந்திக்கொண்டு, "எடை குறைஞ்சா உதை கூடும், தெரியாதா ஒங்களுக்கு?" என்று, பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் போலக் கேட்டார். நான் டேப்பை எடுத்து நானே பிடித்து, பின்னால் வைக்கும் றப்பரையும் சேர்த்துப் பன்னிரண்டரைக்கு ஒரு நூல் கூடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். என்னிடம் உடுப்புத் தைக்க வருகிற பெண்கள் எப்படி என் உயிரை எடுப்பார்களோ, அப்படியே அந்த மனிதரின் உயிரை எடுத்தேன்.

இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது இறால் பெட்டி இல்லை, தலையணை இல்லை. நின்ற நிலத்தில் நின்று பிடித்தேன். கட்டை தோளில் வந்து தானாக உட்கார்ந்தது, கன்னம் இடம் கண்டுபிடித்தது. உதைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றேன். பால்மா டின் மண்ணணையில் மோதி உருண்டது. சார்ஜன் கையெழுத்துப் போட்டார். பொம்பிளைப் பொலிஸ் என் தோளில் தட்டினார். இவர் கதிரையிலிருந்து, "காத்து கொஞ்சம் சாதகமா அடிச்சது" என்றார். அன்று இலை அசையவில்லை.

கச்சான் தப்பியது. இன்றைக்கும் சுபஹுக்கு முன்னால் வானத்துக்கு ஒரு வெடி வைப்பேன், "அது" ஓடிவிடும். ஒன்றும் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் துஆ. விழுந்தால் யார் தொட்டுத் தூக்குவது? வெட்டிய கட்டைத் துண்டை இவர் எறிய விடவில்லை. என் மெஷினுக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, அதன் கீழே வைத்திருக்கிறார்.

அந்த டீச்சரைத் தேடி நானே அவர் வீட்டுக்குப் போனேன். பிழை என்னுடையது என்று சொல்லி, அவரை நிற்க வைத்து, தோள், கை, உயரம் எல்லாம் ஒவ்வொன்றாக அளந்து, புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடிக்கு முன்னாலிருந்து நகரவே இல்லை. இப்போதும் அளவு கொடுக்க வருகிற பெண்கள் பலர், டேப்பை எடுக்கும் முன்பே, "நான் கட்டை", "நான் குண்டு" என்று மன்னிப்புக் கேட்பதுபோலத் தொடங்குவார்கள். கையைத் தூக்குங்கள் என்று மட்டும் சொல்லுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது சொன்னால், முன்பு நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் கூடத்தை அளந்து பார்க்கத் தோன்றுகிறது.