ஏ.சி. அறைக்கு வெளியே: பொழியூருக்கு ஒரு மீன் சென்சாருடன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம், என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைக் காப்பாற்றத்தான் பொழியூர் கடற்கரைக்குப் போனேன். மீன் புதுசா பழசா என்று சொல்லும் சென்சார் ஒன்றைச் செய்திருந்தேன். மீன் கெடக் கெட அதன் சதையில் சில பொருட்கள் கூடும். ஒரு என்சைம் அவற்றை மாற்றி இன்னொரு என்சைமின் கையில் கொடுக்கும். அது வேலையை முடிக்கும்போது மீட்டரில் முள் நகரும். இரண்டையும் ஒரே சொட்டில் கலந்து, குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தால் ஒன்றோடொன்று பிணைத்து, மின்முனையின் நுனியில் ஒட்டியிருந்தேன்.

என் வழிகாட்டிக்கு அது பிடிக்கவில்லை. "தனித்தனி அடுக்காப் போட்டிருக்கணும். இது ஏ.சி. அறையைத் தாண்டாது. வெளியே வேலை செய்யலேன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடு" என்றார். எடுக்கிற உத்தேசம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் காலை 8.10-க்குப் பாசஞ்சர் ரயில். நெய்யாற்றின்கரை தாண்டும்போதே, மின்முனையைக் குளிரில் வைத்திருந்த ஃபிளாஸ்கில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. 9.05-க்குப் பாறசாலை. அங்கிருந்து பொழியூருக்கு ஆட்டோவில் பத்து கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஓட்டுநர் சசி அண்ணன் என் மடியிலிருந்த மீட்டர் பெட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அதுக்கு எனக்க வீட்டுல ஒரு பூனை உண்டு மக்கா!"

கரையில் சாளை விற்றுக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காளிடம் ஒரு மீன் வாங்கினேன். சதையில் துளி எடுத்து நசுக்கி, கரைத்து, மின்முனையில் விட்டேன். முள் ஒரே ஓட்டமாக ஓடியது. "நேத்தைய மீன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாங்க நின்றவர்கள் கூடையைவிட்டு விலகினார்கள்.

"ஆரப் பாத்து பழசுண்ணு சொல்லுத? இண்ணு காலத்த வள்ளத்துல வந்த மீனாக்கும்! செவிளைப் பாரு!"

செவிள் ரத்தச் சிவப்பு. அக்காள் சொன்னதுதான் சரி. பெட்டியைக் கட்டினால் வழிகாட்டி ஜெயித்துவிடுவார் என்ற ஆத்திரம்தான் என்னை அங்கேயே நிறுத்தியது.

வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். நிழலிலேயே 33 டிகிரி. மீட்டரின் அளவுகோலை நான் குறித்தது 25 டிகிரி அறையில். சூட்டில் என்சைம்கள் வேகமாக ஓடும், முள்ளும் கூடவே ஓடும். சொட்டில் குற்றமில்லை, ஏ.சி. அறையில் போட்ட கோட்டில்தான் குற்றம். அளவு தெரிந்த கரைசலை கரையேற்றியிருந்த வள்ளத்தின் நிழலில் இருபது நிமிடம் வைத்து, அந்தச் சூட்டிலேயே கோடுகளைப் புதிதாகக் குறித்தேன்.

"அக்கா, நாலு மீன் குடுங்க. எது எப்பப் பிடிச்சதுன்னு சொல்லாதீங்க."

அக்காள் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. அடுத்த கூடைகளிலிருந்தும் பொறுக்கி, வேண்டுமென்றே கலைத்துத் தந்தாள். நான் புதுசிலிருந்து பழசுவரை வரிசையாக வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நாலும் செரியாக்கும்" என்றாள், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "எனக்க மீனுதான் முதல்ல. கண்டீங்களா?"

போகிறவர்களுக்கு: திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்ததையே காத்திருக்கச் சொல்லுங்கள். கடல் அரித்த ஓரத்தில் உட்காராதீர்கள். கருவி கொண்டுபோனால் அளவுகோலை அங்கே போய்க் குறியுங்கள். மீனைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்பே குறியுங்கள்.

அத்தியாயம் தங்கியது. அட்டவணையில் இடம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததை வழிகாட்டி அடித்து, 'ஆய்வகத்துக்கு வெளியே' என்று மாற்றினார். அதை நான் அடித்தேன். மேலே மறுபடியும் எழுதினேன்: பொழியூர் கடற்கரை, 33 டிகிரி, ஸ்டெல்லா அக்காளின் மீன்.