கொட்டியாரக் குடாவில் எறிந்த டொபி

பதினொரு வயதில் நான் என் அப்பாவைக் கொல்லப் பார்த்தேன், அதுவும் மிகுந்த கடமையுணர்வோடு. ஐம்பது தாண்டிய மனிதன் ஒத்துக்கொள்ளவேண்டிய முட்டாள்தனங்களில் இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மற்றவை இதன் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். "தம்பி, அப்பா இனிப்புப் பக்கம் போனால் விடாதை" என்று அம்மா சொன்னதுதான் எனக்கு நியமனக் கடிதம். அப்பா குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனாலும் நான் பின்னால் நிற்பேன்.

ஒருநாள் அவர் காணி அலுவலாக மூதூருக்குப் புறப்பட்டார். துணைக்கு நான். அந்த நாளில் லோஞ்சுப் படகில் ஏறிக் குடாவைக் கடக்கவேண்டும். நேரம் பிந்திவிட்டதால் ஊசியைப் போட்டவர், ஒரு துண்டுப் பாணைக் கடித்தபடி இறங்குதுறைக்கு ஓடினார். மிச்சச் சாப்பாட்டை மூதூரில் பார்த்துக்கொள்ளலாமாம். நடுக்குடாவில் எஞ்சின் நின்றுவிட்டது.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். அப்பாவின் முகம் வியர்த்தது. நடுங்கும் கையால் சேட்டுப் பையைத் தடவி ஒரு இனிப்பு டொபியை எடுத்தார். தாளைப் பிரிக்க விரல்களுக்கு ஏலவில்லை. களவு பிடிபட்டவனுக்கு வேறெப்படிக் கை நடுங்கும்? பறித்துக் கடலில் எறிந்தேன். பையிலிருந்த மற்ற இரண்டையும் எறிந்தேன்.

அப்பா என்னை உற்றுப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்றார், வெகு மரியாதையாக. பிறகு பக்கவாட்டில் சரிந்தார்.

முன்னால் இருந்த மூதூர் முஸ்லிம் ஒருவர் சோடாப் போத்தலோடு பாய்ந்து வந்தார். நான் அவர் கையைக் கடித்தேன்.

"அப்பாவுக்குச் சீனி வருத்தம்! சோடா குடுக்கக் கூடாது!"

"அதுக்குத்தான், மகன், குடுக்கிறன்! எங்கட உம்மாக்கும் இதான். சீனி இறங்கிட்டு. உடுங்க மகன், வாப்பா மௌத்தாப் போயிருவாரு!"

யாரோ என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சோடா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கால் மணியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "லோஞ்ச் ஏன் நிக்குது?" என்று கேட்டார்.

வீட்டில் நஞ்சாக இருக்கும் சீனி கடலில் எப்படி மருந்தானது? பல வருடம் கழித்துத்தான் படித்தேன். நல்ல கணையம் இரத்தத்துச் சீனியைப் பார்த்துப் பார்த்து இன்சுலினைச் சுரக்கும், போதுமென்றால் குறைத்துவிடும். ஊசியில் போன இன்சுலினுக்கு அந்தக் கண் இல்லை. சோறு வந்ததா, லோஞ்ச் நின்றதா என்று கேளாமல் இருக்கிற சீனியை அள்ளிக்கொண்டே இருக்கும். மூளை பட்டினி கிடக்கும். நான் கள்ளனின் நடுக்கம் என்று நினைத்தது, சிறுநீரகங்களின் மேல் குந்தியிருக்கும் இரண்டு சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டிப் போட்ட கூச்சல். டொபியைப் பையில் வைத்திருக்கச் சொன்னவரே டொக்டர்தானாம். அதை உளவாளியான எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில், என் கடமையில் பாதியாவது சரி என்ற நம்பிக்கையோடு, நடந்ததை அம்மாவிடம் ஒப்புவித்தேன். அம்மா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் நாலு வயதுத் தங்கச்சியைக் காட்டி அப்பாவிடம் சொன்னார்:

"அடுத்த முறை இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இவளெண்டால் பாதியைக் கடிச்சிட்டாவது மிச்சத்தைத் தருவாள்."