ஒரு ஆளுக்கான அறை

கேட்டது கடைக்காரர்தான். அலோர் காஜாவில் இருக்கும் அந்த மரச்சாமான் கடைக்கு என் மருமகள் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். "அத்தை, நீங்களும் வந்து பாத்துச் சொல்லுங்க" என்று அவள் அழைத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு கரண்டி வாங்கக்கூட என்னிடம் யோசனை கேட்காதவள். சீனக் கடைக்காரர் அவளிடம் மலாயில் கேட்டார், கட்டில் ஒரு ஆளுக்கா, இரண்டு ஆளுக்கா என்று. நான் சற்றுத் தள்ளி ஓர் அலமாரியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு ஆளுக்கு" என்றாள்.

எனக்கு முட்டிதான் போய்விட்டது, காது போகவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் பையைத் திறந்து சோதிப்பதுதான் வேலை. சிரித்துக்கொண்டே வருகிறவளைத்தான் முதலில் நிறுத்துவேன். கையில் ஒன்றுமில்லாதவள் எதற்குச் சிரிக்கப் போகிறாள்? பலரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் என் கணக்கு அநேகமாகத் தப்பியதில்லை.

அந்தக் கட்டில் எங்களுக்காக வாங்கப்பட்டது. நானும் என் வீட்டுக்காரரும் மஸ்ஜித் தானாவில், தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டில் தனியாக இருந்தோம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேரும், "இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேணாம்" என்று ஒரே பிடியாய்ப் பிடித்தார்கள். மகன் தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறான். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, எங்களுக்கு அறை தயார் செய்வதாகச் சொன்னான். எங்களுக்கு என்றுதான் சொன்னான். அப்படியானால் எதற்கு ஒரு ஆளுக்குக் கட்டில்?

கடையில் நான் வாயைத் திறக்கவில்லை. வாசலில் கற்ற பாடம் அது: பையில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னால் கேள்வி கேட்கக் கூடாது.

அடுத்த வாரம், அறையைப் பார்க்க வேண்டும் என்று நானே மகனிடம் என்னைக் காரில் கூட்டிப் போகச் சொன்னேன். சின்ன அறை. கட்டிலைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். கழிப்பறைக்குப் போகும் சுவரில் பிடித்து நடக்க எஃகுக் கம்பி. கை வைத்த நாற்காலி ஒன்று, டீவிக்கு எதிரே. முகம் மழிக்க ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது; அதன் முன்னால் நின்று பார்த்தேன், என் நெற்றி முடி மட்டும்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு முழம் உயரம். என் புடவைகளை எங்கே வைப்பது? அலமாரியில் நான்கு சட்டை தொங்கினாலே இடம் முடிந்துவிடும். சாமி படத்துக்கு ஓர் ஆணிகூட இல்லை.

"தம்பி, நான் எங்கடா படுக்கிறது?" என்று கேட்டேன்.

"இன்னும் ஜாமான் வரணும்லா, மா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல், ஒழுங்காக இருந்த கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

ஒரு ஆளுக்கு இங்கே இடமென்றால், இன்னொரு ஆளுக்கு எங்கே? அன்று மாலையே ரெம்பியாவில் இருக்கும் மகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். வாடகைக் காரில்தான். மகள் கதவைத் திறந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "என்னம்மா, ஒரு போன்கூட இல்லாம?" என்றாள். நான் செருப்பைக் கழற்றியவுடன் நேரே கீழ் அறைக்குப் போனேன். நினைத்தது சரி. அங்கேயும் ஓர் ஒற்றைக் கட்டில். எனக்குப் பிடித்த வெளிர் மஞ்சளில் திரைச்சீலை. கிழக்குச் சுவரில் சாமி படம் வைக்க ஒரு தட்டு. என் முட்டிக்கு ஏற்றாற்போல் உயரமான நாற்காலி, கால் வைக்க ஒரு முக்காலி, தையல் மிஷினுக்கு ஜன்னலோரம் இடம்.

ஆக, பங்கு போட்டுவிட்டார்கள். அப்பா மகனுக்கு, அம்மா மகளுக்கு.

எங்கள் பக்கத்தில் இது நடக்காத கூத்தல்ல. முன்பு நாங்கள் இருந்த தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஒருவரையும் அவர் மனைவியையும் பிள்ளைகள் இப்படித்தான் பிரித்து வைத்துக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொள்வார்கள், பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு காரில் ஏறிப் போவார்கள். அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். எனக்கும் அதே கதியா? செத்தாலும் விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். இருக்கப்போகும் கொஞ்ச காலமாவது அவரோடு ஒரே அறையில் இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டீவியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்மளப் பிரிக்கப் பாக்குறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"பிள்ளைங்க பாத்துச் செய்வாங்க. விடு."

பாவம் மனுஷன், ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். எல்லாம் மருமகளின் வேலையாகத்தான் இருக்கும். என் மகனுக்கு அவ்வளவு சூது கிடையாது. மகளும் கூட்டா என்று நினைத்தபோதுதான் நெஞ்சு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மஸ்ஜித் தானாவுக்கு வரச் சொன்னேன். கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "யாரு யோசனை இது? இப்பச் சொல்லணும்" என்றேன்.

மகள் அழ ஆரம்பித்தாள். மகன் தலை குனிந்துகொண்டான். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் நேராக என்னைப் பார்த்து, "அத்தை, சத்தியமா நான் வேணாம்னுதான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் பெரிய கட்டிலாப் போடுவோம்னு சொன்னேன். வேணும்னா மாமாவைக் கேளுங்க" என்றாள்.

"மாமாவுக்கு என்னத்தத் தெரியும்?"

எல்லாருடைய கண்களும் சோபாவின் ஓரத்துக்குப் போயின. அவர் ரிமோட்டை எடுத்து டீவியை அணைத்தார். ஆட்டம் பாதியில் இருந்தது. அவர் பாதி ஆட்டத்தில் டீவியை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் கேட்டேன்" என்றார். "எனக்குத் தனி ரூம் வேணும்னு நான்தான் கேட்டேன். அந்த நாற்காலியக்கூட நானே போய் உக்காந்து பாத்துத்தான் எடுத்தேன். முடி வெட்டப் போறேன்னு போனேன்ல, அன்னிக்கு."

அன்று அவர் முடி வெட்டாமல்தான் திரும்பி வந்தார். கடை சாத்தியிருக்கிறது என்றார். நான் நம்பினேன்! ஊரில் உள்ள பையெல்லாம் திறந்து பார்த்தவள், என் வீட்டு மனுஷனின் வளர்ந்த தலைமுடியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நம்பினேன்.

"யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?" என்றேன்.

"பாத்தியா? இதான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "போன் வந்தா யாருன்னு கேக்குற. வெச்சதும் என்ன பேசினாங்கன்னு கேக்குற. நான் சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறேன்னு கேக்குற. பாத்ரூம் போனா வெளிய வந்து நிக்கிற. வேலையிலருந்து நீ நின்னுட்ட, ஆனா இன்னும் அந்த ஃபேக்டரி கேட்ட விட்டு வரல. நீ கெட்டவ இல்ல. உன்னைவிட்டா எனக்கு யாரு? ஆனா முடியலம்மா. கொஞ்ச காலம் யாரும் சோதிக்காம உக்காரணும் போல இருக்கு."

"அப்ப இத்தன வருசமா ஜெயில்லயா இருந்தீங்க?"

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விழுந்தவரைத் தூக்கியது யார்? பாத்ரூம் வாசலில் நான் நிற்பது வேவு பார்க்கவா, மறுபடியும் விழுந்துவிடுவாரோ என்ற பயத்திலா? அதைச் சொல்ல வாயெடுத்தேன். இரண்டுமே உண்மைதான் என்று தோன்றியதால் வாய் மூடிக்கொண்டது. "என்கிட்ட நேரா சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் பிள்ளைகளைக் கேட்டேன்.

"உங்ககிட்ட யாரும்மா சொல்றது?" என்றான் மகன். "பயம்லா."

அந்த மாதமே வீட்டைக் காலி செய்தோம். அவர் தஞ்சோங் கிளிங்குக்கும் நான் ரெம்பியாவுக்கும் போனோம். மகள் அடிக்கடி கேட்டாள், "அப்பாவப் பாக்கப் போலாமா?" போகமாட்டேன் என்றேன். வேண்டாம் என்றவர் வாசலில் போய் நிற்பேனா? அவர் தினமும் சாயங்காலம் போன் செய்தார். சாப்பிட்டாயா, முட்டி எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரது என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. ஆனால் மறுநாளே மகளிடம் காரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மருமகள் அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அத்தை. மாமா ரூம்லதான்" என்றாள். கதவு சாத்தியிருந்தது. என் கை கைப்பிடிக்குப் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இருக்கும் அறைக் கதவை நான் தட்டித் திறந்ததில்லை. கையை எடுத்து, விரலை மடக்கித் தட்டினேன்.

"யாரு?" என்றார் உள்ளிருந்து.

"நான்தான்."

"இரு, வரேன்" என்றார். அலமாரி திறந்தது, மூடியது. கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வரும் சத்தம் கேட்டது. உள்ளே என்ன செய்கிறார், எதை எடுத்து மறைக்கிறார் என்று மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. கதவு திறந்தது. இத்தனை வருஷமும் வீட்டில் வெற்று உடம்போடு கைலியில் இருந்த மனுஷன், எனக்காகச் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவி, விருந்தாளியை வரவேற்பதுபோல் நின்றார். அவசரத்தில் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்தார். சரிசெய்யக் கை போனது. போன கையை இழுத்துக்கொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.