அவள் எடுக்காத தொலைபேசி

ஜெர்மனியின் ஹம் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். என்னை எழுத்தாளன் என்று சொல்பவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அதுவும் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில்.

அப்படிப்பட்ட எனக்கு ஓர் அமெரிக்க எழுத்தாளர் பதில் எழுதினார். சிறுகதை மட்டுமே எழுதும் பெண்மணி. அவருடைய கதைகளில் பெரிதாக எதுவும் நடக்காது. யாரோ பாத்திரம் கழுவுவார்கள், யாரோ காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருப்பார்கள். முடிக்கும்போது மட்டும், நெஞ்சுக்குள் யாரோ அலுமாரியை இடம் மாற்றி வைத்ததுபோல இருக்கும்.

ஒரு கதையைத் தமிழாக்க அனுமதி கேட்டிருந்தேன். தாராளமாகச் செய்யுங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார். வாக்குக் கொடுத்தேன்.

கதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண். தாய் தினமும் அழைத்துக் குறை சொல்கிறாள். ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடிக்கிறது. மகள் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், அவள் தொலைபேசியை எடுத்து, "அம்மா, என்னை மன்னியுங்கோ" என்று விம்முகிறாள். அமெரிக்காவில் பஸ் ஓட்டுகிறவள், யாழ்ப்பாணத் தமிழில்! போதாக்குறைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தாயும் மகளுமாகக் கோவிலுக்கும் போகிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த நாட்டில் ஒரு பல்லைப் பிடுங்குவதற்கே இரண்டு மாதம் முன்னதாக டெர்மின் என்று நாள் குறித்துத் தருகிறார்கள். என் கதையின் கழுத்தை அறுக்க ஒரு சொல் சொல்லவில்லை.

மலரின் ஆசிரியர் மரக்கறிக் கடை நடத்தும் அண்ணை. பஸ்ஸுக்கு நிற்கவும் பொறுமையில்லாமல் நடந்தே போனேன். முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரைக் கேட்டு அண்ணை முடிவை மாத்தினனீங்கள்?"

"தாய் அடிக்கிற போனை எடுக்காமல் விடுறதோ தம்பி? எங்கட பிள்ளையள் வாசிக்கிற மலர்."

"நான் அந்த மனிசிக்கு வாக்குக் குடுத்தனான்!"

"அவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகென்ன?"

அந்தப் 'பிறகென்ன'தான் என்னைக் கொதிக்க வைத்தது.

"அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் ஜெர்மன் தெரியாமல்தானே அகதி விண்ணப்பம் குடுத்தனாங்கள்? மொழிபெயர்த்தவன் தனக்குப் பிடிச்ச முடிவை எழுதியிருந்தால் இப்ப எங்கை நிப்பம்? இவங்களுக்கு ஜெர்மன் தெரியாது, பிறகென்ன எண்டு?"

அண்ணை முருங்கைக்காயைக் கீழே வைத்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரி. நாலாம் பக்கத்தில அவள் என்ன குடிக்கிறாள்?"

"இஞ்சித் தேத்தண்ணி." என் குரல் இறங்கிவிட்டது.

"ஐசே, நான் ஊரில இங்கிலீஷ் வாத்தி. மறந்திட்டீரோ? இங்கிலீஷ் கதையைத் தேடி வாசிச்சனான். அது விஸ்கி. ரெண்டு கிளாஸ்."

உண்மைதான். பான் நகரில் இருக்கும் என் மாமியார் மலரை எழுத்து விடாமல் வாசிப்பவர். என் பெயர் போட்ட கதையில் விஸ்கி வந்தால், குடித்தது மருமகன்தான் என்று முடிவுகட்டிவிடுவார். வாக்குக் கடைசிப் பத்திக்கு மட்டும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, இஞ்சி தட்டிப் போட்டிருந்தேன்.

"அது வேற," என்றேன்.

"ஓம் ஓம், வேறதான். உமக்கு மாமி, எனக்குப் பெற்றார் சங்கம்." யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீர் விஸ்கியை ஊத்தும். நான் போனை வைக்கிறன்."

கடையில் விலை ஒட்டும் வெள்ளை லேபிளில் சரியான வரிகளை அச்சடித்தோம். இரண்டு ஞாயிறு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் குந்தியிருந்து எல்லாப் பிரதிகளிலும் ஒட்டினோம். கோவிலுக்குப் போன தாயும் மகளும் லேபிளுக்குக் கீழே போனார்கள், என் தேத்தண்ணியும் போனது. கடைசிப் பத்தி அப்படியே இருக்கிறது என்று எழுத்தாளருக்கு எழுதினேன். லேபிள் கதையை எழுதவில்லை.

ஆண்டு விழாவில் சனம் நகத்தால் லேபிளைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தது. என் எழுத்தை இவ்வளவு ஆர்வமாக ஒருவரும் வாசித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. மாமியார்.

"எடுங்கோவன்," என்றாள் மனைவி. "அம்மா நாலாம் பக்கத்துக்கு வந்திட்டா போல."

நான் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.