வெறுங்கொட்டிலைக் கூட்டிய சித்தப்பா

எங்கள் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லைத் தடை செய்தபோது எனக்கு ஒன்பது வயது. தடை போட்டவர் சித்தப்பா. மாங்குளத்தில் ஏதோ ஒரு மண்டபத்தில் இலவசக் கருத்தரங்காம், மத்தியானச் சாப்பாடும் உண்டாம் என்று கேள்விப்பட்டு, சாப்பாட்டை நம்பித்தான் பஸ் ஏறினார். பொழுதுபடத் திரும்பியபோது வேறு ஆளாக வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மேடையில் நின்று, மனிதனுக்கு வறுமை வருவதே வாயால்தான் என்று சொன்னாராம்.

“இல்லை இல்லை எண்டு சொல்லச் சொல்ல இல்லாமைதான் வந்து குந்துமாம். எல்லாம் நிறைய இருக்கு எண்டு சொல்லோணும். வேணுமெண்ட சாமான் வந்திட்டுது எண்டே நினைக்கோணும்” என்றார்.

சித்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். “அப்ப உதுக்குள்ள சீனி கிடக்கெண்டு நினைச்சுக் குடியுங்கோ.”

சித்தப்பா ஒரு மிடறு குடித்தார். “நல்ல இனிப்பு” என்றார். அந்த மனிசனை வெல்ல முடியாது.

நான் அவர்களுடைய பிள்ளை அல்ல. சித்தி என் அம்மாவின் தங்கை. அப்பா போரின் கடைசி மாதங்களில் இறந்துபோனார். எனக்கு ஏழு வயதானபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி, ஸ்கந்தபுரத்தில் பிள்ளை இல்லாத சித்தி வீட்டில் என்னை விட்டார். இருவரும் என்னைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பகல் முழுக்க வயலில் நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும், திறப்பு அம்மிக்குக் கீழே இருக்கும், சோறு மூடியிருக்கும், ஒரு சொல் கதைக்க ஆள் இராது. சோற்றுக்கோப்பையோடு வளவுக்குள் இறங்கிக் கோழிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். அம்மா வேண்டும், அம்மா வேண்டும் என்று எந்நேரமும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். விளையாடும்போதும் ஓடும்.

கருத்தரங்குக்குப் பிறகு காலையில் முகம் கழுவியதும் மூவரும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, “எங்களிட்டை எல்லாம் நிறைய இருக்கு” என்று சொல்லவேண்டும். சித்தி பாதியிலேயே குசினிக்கு ஓடிவிடுவார். நான்தான் கெட்டிக்கார மாணவி. “கணக்குக் கொப்பி கொண்டு வந்தனீரோ?” என்று வகுப்பு டீச்சர் கேட்டதற்கு, “கொப்பி வீட்டில நிறைய இருக்கு டீச்சர்” என்று சொல்லி, ஒரு பாடம் முழுக்க வெயிலில் நின்றேன். அப்போதும் ‘இல்லை’ என் வாயில் வரவில்லை.

சித்தப்பா ஆசைப்பட்டது ஒரு லாண்ட்மாஸ்டருக்கு. கையால் பிடித்து உழும் சின்ன உழவு இயந்திரம். ஒவ்வொரு விதைப்புக்கும் வாடகை இயந்திரத்துக்குப் பின்னால் அலைந்து களைத்துப்போன மனிதர் அவர். வரப்போகிற பொருளுக்கு முதலில் இடம் செய்து வைக்கவேண்டும் என்றும் மேடையில் சொன்னார்களாம். வளவு மூலையில் கிடுகு வேய்ந்து கொட்டில் ஒன்று போட்டார். வெறுங்கொட்டில். அதைத் தினமும் கூட்டிப் பெருக்கினார்.

“வெறுங்கை முழம் போடுமே?” என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார். றோட்டால் போகிற சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணை, லாண்ட்மாஸ்டர் எப்பிடி ஓடுது?” என்று பகிடி பண்ணும். சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, “நல்லா ஓடுது” என்பார். பின்னேரங்களில் அந்தக் கொட்டிலுக்குள் இருந்தது நான் மட்டும்தான்.

அங்கே கூட்டிக்கொண்டு நின்றபோதுதான் ஒருநாள் கேட்டார்.

“உனக்கு என்ன பிள்ளை வேணும்?”

“அம்மா.”

விளக்குமாறு நின்றது. அம்மாவின் இரண்டு வருஷம் முடிகிற நேரம் அது. தைப்பொங்கலுக்கு வருவார் என்று வீட்டில் பேச்சு. சித்தப்பா எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

“அப்ப அம்மா வந்திட்டா எண்டே நினை. போனில சிரிச்சுக் கதை. அழுதால் வாறதும் திரும்பிப் போயிடும்.”

அவர் அதை மனமார நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். அதுவரைக்கும் நான் அழ, அவர் அழ, அதோடு கதை முடிந்துவிடும். அந்த வெள்ளி நான் அழவில்லை. சாப்பாடு எப்படி என்றார், நிறைய என்றேன். சட்டை போதுமோ என்றார். அலுமாரி கொள்ளாது என்றேன். இரவில் பயமோ என்றார்; நல்ல நித்திரை என்றேன்.

“அம்மாவைத் தேடுறேல்லையே குஞ்சு?”

கண்ணை மூடினேன். அம்மா பக்கத்தில் இருப்பதாக நினைத்தேன். “நீங்கள் இஞ்சதானே இருக்கிறியள். எனக்கு எல்லாம் நிறைய இருக்கு அம்மா” என்று சொல்லிச் சிரித்தேன்.

“நல்லது பிள்ளை. சித்தியிட்டைக் குடு” என்றார். சித்தி போனை வாங்கிக்கொண்டு முருங்கையடிக்குப் போய், “ஓம் அக்கா... ஓம் அக்கா” என்று நெடுநேரம் கதைத்தார்.

அம்மா இதைப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். வேலை செய்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷம் நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார்களாம். பிள்ளை அழுதால் பெட்டி கட்டுவது, அழாவிட்டால் நிற்பது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் அன்று போனை எடுத்தாராம்.

தைப்பொங்கலுக்கு அம்மா வரவில்லை. சவர்க்காரமும் சொக்லேட்டும் பெட்டியில் வந்தன. அடுத்த விதைப்புக்கு முன்னால் லாண்ட்மாஸ்டர் வந்தது. சிவப்பு நிறம். சித்தப்பா சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, அதைக் கொட்டிலுக்குள் ஏற்றினார். “பாத்தியே பிள்ளை, நினைச்சால் வரும்!” என்று என்னைத் தூக்கி அதன்மேல் இருத்தினார். பார்க்க வந்தவர்களிடம் சித்தி, “அக்காதான் காசு அனுப்பினவா. அவா அங்க கிடந்து உழைக்கிறா” என்று மெதுவாகச் சொன்னார். சித்தி அந்த இயந்திரத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. எனக்கோ பெருமை. சித்தப்பா நினைத்ததை அனுப்பியது என் அம்மா அல்லவா!

ஆனால் பின்னேரம் என் இடம் போய்விட்டிருந்தது. கொட்டிலுக்கு வெளியே நின்று யோசித்தேன். சித்தப்பாவும் நானும் ஒரே கண்ணாடிக்கு முன்னால் நின்றுதானே சொன்னோம்? அவருடையது வந்துவிட்டது, என்னுடையது ஏன் வரவில்லை? எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன். கனக்க யோசித்தபின் பிடிபட்டது: நான் போதிய அளவுக்குச் சொல்லவில்லை.

வந்த வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தார். “ஏதும் குறை இருக்கே குஞ்சு?” என்று கேட்ட குரல் என்னவோ கரகரத்திருந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, போன் இல்லாமலே குவைத்துக்குக் கேட்கட்டும் என்று கத்தினேன்.

“எல்லாம் நிறைய இருக்கு அம்மா!”