மரியநாதன் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிய கேமரா

பலகைகளில் பாண்டிச்சேரியை அழித்துப் புதுச்சேரி என்று எழுதிய வருடம் அது. எனக்கு எழுத்து தெரியாது. பெயின்ட் வாளியோடு ஏணியில் நின்றவர்களைத் தெரியும். கடல் ஊருக்குள் புகுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னோடு பட்டறையில் வேலை செய்த மரியநாதன் அந்தப் போட்டோவை எடுத்தது அப்போதுதான்.

போன செவ்வாய்க்கிழமை அவர் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாரு." உடனே அரியாங்குப்பம் போனேன். சவப்பெட்டியின் தலைமாட்டில் அந்தப் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்: "பிரான்சுல தம்பி இருக்காருல்ல? ஒசந்த கேமரா அனுப்பியிருப்பாரு. படம் நல்லா வராம எங்க போவும்?"

சாவு வீடு என்று பொறுத்துக்கொண்டேன். இனிப் பொறுக்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

தட்டாஞ்சாவடியில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் பட்டறையில் அவரும் நானும் அப்போதே பதினெட்டு வருடம் வேலை செய்திருந்தோம். அவருடைய கேமரா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளோடு கிடந்ததை அவர் வாங்கியது. பின்மூடி நிற்காது, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார். பிளாஷ் கிடையாது. தம்பி அனுப்பியதெல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான்.

முதலாளி காலண்டர் படத்துக்கு ஸ்டூடியோ தனசேகரை அழைத்தார். புதிதாக வந்த டிஜிட்டல் கேமரா, இரண்டு பெரிய விளக்கு. விளக்கைப் போட்டால் நெருப்பு வெளுத்துப்போனது. அணைத்தால் இருட்டு.

"ஆளுங்க ஆடிக்கிட்டே இருப்பாங்க, படம் கலங்கிடும். இங்க ஒண்ணும் வராதுங்க" என்றார் தனசேகர்.

மரியநாதன் சிரித்தார். "இரும்பு ஊத்தறப்ப எவன் ஆடுவான் தம்பி? ஆடுனா கால் போயிடும்."

அது வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். ஊற்றும்போது இரும்புக் குழம்பு அள்ளிய கரண்டிதான் சாயும். ஆள் மூச்சுகூட விடமாட்டான். மரியநாதன் அச்சுமண்ணைக் குவித்து அதில் கேமராவை அழுத்தி வைத்தார். "என்னைப் பாக்காதீங்கடா, நெருப்பைப் பாருங்க" என்றார். நாங்கள் நாலு பேர் ஊற்றினோம். உருகிய இரும்பின் வெளிச்சம் ஒன்றே விளக்கு. ஒரே ஒரு படம்.

அதில் என் தாடையில் தொங்கும் வியர்வைத் துளிகூடத் தெரியும்.

அந்தப் படத்தோடு காலண்டர் வந்ததும் தனசேகர் ஓடி வந்தார். "எந்த லென்ஸுண்ணே?"

"பதினெட்டு வருஷம் கரண்டி புடிச்ச லென்ஸுப்பா."

கேமரா நன்றாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மூடி வழியே வெளிச்சம் புகுந்து அவருக்கு எத்தனையோ பிலிம் ரோல் பாழாயிற்று. நல்ல கேமராப் பெட்டி இருந்திருந்தால் இன்னும் நிறையப் படம் மிஞ்சியிருக்கும். ஆனால் எந்த நேரத்தில் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள் என்று எந்தப் பெட்டி சொல்லும்? அவருக்கு வர வேண்டிய பேரைப் பிரான்சுக்குத் தூக்கிக் கொடுக்க நான் விடமாட்டேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள், மரியநாதன்.

படத்தில் இருக்கும் கோவிந்தன் போய்விட்டான். ஆறுமுகமும் சின்னப்பனும் போய்விட்டார்கள். முதலாளியும் இல்லை. நான் அவருடைய கூட்டாளி, என் பேச்சு எடுபடாது என்பீர்கள். சரி. அன்று விளக்கை அணைத்துவிட்டு, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தவர் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரையே கேளுங்கள்: ஸ்டூடியோ தனசேகர்.