ஓடக்காரி கேட்ட பாலம்

மிசூரி ஆற்றின் அந்தத் துறையில் ஹுல்டா வெஸ்டர்கார்டின் ஓடத்தில் ஏறாமல் அக்கரை போனவர் யாருமில்லை. கணவன் ஆண்டர்ஸ் இறந்த பிறகு சுக்கானை அவளே பிடித்தாள். மாடு, கோதுமை மூட்டை, கல்யாணக் கூட்டம், பிற்பாடு ஃபோர்டு கார்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றினாள். வாய்த்துடுக்கும் அதிகம். "மாடு பேசாம நிக்குது, நீங்கதான்யா ஓடத்தை ஆட்டுறீங்க!" என்று கார்க்காரர்களை அதட்டுவாள்.

குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் வண்டிகள் பனிக்கட்டி மேலேயே போகும். தொல்லை மார்ச் மாதத்தில்தான். பனி உடைந்து பாளம் பாளமாகப் புரளும்போது நடக்கவும் முடியாது, ஓடம் விடவும் முடியாது. அப்போது மேற்குக் கரையில் யாருக்காவது உயிருக்கு ஆபத்தென்றால் துறைக் கம்பத்தில் சிவப்புக் கம்பளியை ஏற்றுவார்கள். கிழக்குக் கரை டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வழி கிடைத்ததும் வருவார். வழி கிடைத்தால்தானே?

ஒரு மார்ச்சில் ஹுல்டாவே கம்பளி ஏற்ற வேண்டிவந்தது. அவள் மகன் நீல்ஸுக்குத் தொண்டை அடைத்து மூச்சு திணறியது. டாக்டர் பையோடு அக்கரையில் வந்து நின்றார். ஊரையே அக்கரை சேர்த்தவளால் அந்த ஒரு மனிதரை இக்கரை சேர்க்க முடியவில்லை. விடியுமுன் நீல்ஸ் போய்விட்டான். மறுநாள் கம்பளியை அவளே இறக்கினாள்.

பல வருடம் கழித்து நெடுஞ்சாலைப் பாலம் பற்றி ஊர்க்கூட்டம் நடந்தது. பாலம் வந்தால் அவள் ஓடமும் போகும், துறையடியில் இருக்கும் பெர்ட் காலஹனின் கடையும் போகும். அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று நம்பி பெர்ட் அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான்.

"பாலத்தைக் கட்டுங்க. சீக்கிரமாக் கட்டுங்க," என்றாள் அவள்.

"அடிப்பாவி! உன் வயித்துல நீயே அடிச்சுக்கிட்டு, என் வயித்துலயும் அடிக்கிறியே!"

"என் ஓடத்தைப் பத்தி எனக்குத் தெரியும், பெர்ட். மார்ச் மாசத்துல அது வெறும் விறகு."

அதன்பின் பெர்ட் அவளோடு பேசவில்லை. பாலம் எழுந்தது. ஓடத்தை வாங்க ஆளில்லை. ஹுல்டா நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவப் போனாள்.

பாலம் திறந்த பிறகு வந்த முதல் மார்ச்சில் பெர்ட்டின் மகளுக்குப் பிரசவம் சிக்கலானது. கீழே பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டு ஓட, மேலே டாக்டரின் கார் பாட்டுக்குக் கடந்து வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் பெர்ட் அந்தச் சாப்பாட்டுக்கடையின் பின்வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"ஹுல்டா... ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"தெரியும். கார் போனதைப் பார்த்தேன்."

அவளுக்குச் சந்தோஷம்தான். வயிறு எரிந்ததும் நிஜம். அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"என் வீட்டுக்கும் இப்படி ஒரு கார் வந்திருக்கணும், பெர்ட்," என்றாள். ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.